குத்தகை தலைகீழான தேசம்

2025 மே மாதம் ஜப்பானின் வேளாண் அமைச்சர் தாகு எத்தோ ஒரு கட்சிக் கூட்டத்தில் பேசினார். அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லையாம். ஆதரவாளர்கள் கொண்டுவந்து கொடுப்பதே விற்கிற அளவுக்கு வீட்டில் கிடக்கிறதாம். மூன்றாம் நாள் அவர் பதவியில் இல்லை. 2,000 யென் சொச்சத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஐந்து கிலோ அரிசி, ஒரே வருடத்தில் 4,200 யென்னைத் தாண்டியிருந்த நேரம் அது. அடுத்து வந்த அமைச்சர் ஷின்ஜிரோ கொய்சுமி, அரசுக் கிடங்கில் இருந்த பழைய அரிசியைக் கடைக்காரர்களுக்கு நேரடியாக விற்றார். உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில், பழைய அரிசிக்கு விடியற்காலையிலேயே மக்கள் வரிசை கட்டினார்கள்.

விலையேற்றத்துக்கு உடனடிக் காரணங்கள் சொல்லப்பட்டன. 2023 கோடையின் வெப்பத்தில் நெல்மணியின் தரம் கெட்டது. வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் பெருகியது. 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை வந்ததும் வீடுகளில் வாங்கிக் குவித்தார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால், ஒரு கோடையும் ஒரு எச்சரிக்கையும் சேர்ந்து அரிசி விலையை இரட்டிப்பாக்கும் என்றால், அந்த நாட்டின் வயல்களுக்கு ஏற்கெனவே ஏதோ ஆகியிருக்க வேண்டும். அந்த ‘ஏதோ’வைப் புரிந்துகொள்ள 80 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜப்பானின் விளைநிலத்தில் ஏறத்தாழ 46% குத்தகையில் இருந்தது. நெல் வயலுக்குக் குத்தகை, விளைச்சலில் கிட்டத்தட்ட பாதி. அதையும் நெல்லாகவே அளக்க வேண்டும். போன தலைமுறைத் தஞ்சைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1945 டிசம்பரில் அமெரிக்கப் படைத் தலைமை நிலச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டது. 1946 அக்டோபரில் சட்டம் வந்தது. ஊரில் இல்லாத நிலக்கிழாரின் குத்தகை நிலம் முழுவதையும், ஊரிலேயே இருப்பவர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு மேல் குத்தகைக்கு விட்ட நிலத்தையும் (வடக்கே ஹொக்கைடோ தீவில் மட்டும் நான்கு ஹெக்டேருக்கு மேல்) அரசே கட்டாயமாக வாங்கி, உழுதவருக்கு விற்றது.

இதைச் செய்து முடித்த விதம் கவனிக்கத் தக்கது. ஊருக்கு ஊர் நிலக்குழு. குழுவில் பத்துப் பேர்: குத்தகைதாரர் ஐவர், நிலக்கிழார் மூவர், சொந்த நிலம் உழுபவர் இருவர். எல்லோரும் தேர்தலில் வந்தவர்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 11,000 குழுக்கள். எந்த வயல் யாருடையது, யார் எத்தனை வருடமாக உழுகிறார் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும் என்பதால், பினாமிக்கு அதிகம் இடமிருக்கவில்லை. நிலத்தின் விலையைப் போர்க்கால அளவிலேயே நிறுத்திவிட்டார்கள். போருக்குப் பிந்தைய பணவீக்கத்தில் அந்த விலை கரைந்து காணாமல் போனது. நிலக்கிழார்கள் வழக்குப் போட்டார்கள். 1953-ல் உச்ச நீதிமன்றம், கொடுத்த இழப்பீடு நியாயமானதே என்று முடித்துவிட்டது. 1950-க்குள் சுமார் 19 லட்சம் ஹெக்டேர் கைமாறியிருந்தது. குத்தகை நிலம் 10% அளவுக்குச் சுருங்கிற்று.

அமெரிக்கத் தரப்பில் இந்தச் சீர்திருத்தத்தின் மூளை என்று கருதப்படுபவர் வுல்ஃப் லேட்ஜின்ஸ்கி. உக்ரைனில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பிற்பாடு இந்தியாவுக்கும் வந்தார். 1960-களில் நம் திட்டக் குழுவுக்காக, விளைச்சலைப் பெருக்கத் தேர்ந்தெடுத்த ‘பேக்கேஜ்’ திட்ட மாவட்டங்களின் குத்தகை நிலவரத்தை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்று தஞ்சாவூர். சட்டம் நிர்ணயித்த குத்தகை ஒன்றாகவும் களத்தில் அளந்தது வேறாகவும் இருப்பதையும், குத்தகைதாரர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பதையும் அவர் கண்டார். ஜப்பானில் நான்கே வருடத்தில் நடந்த காரியம் காவிரிக் கரையில் ஏன் நடக்கவில்லை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே கேள்வி வேறு: நடந்த இடத்தில், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?

வென்ற சீர்திருத்தத்தைக் காப்பாற்ற 1952-ல் வேளாண் நிலச் சட்டம் வந்தது. உழுபவரே உடைமையாளர் என்பது அதன் அடிப்படை. நிலத்தை விற்க, வாங்க அனுமதி வேண்டும். ஒரு குடும்பம் பொதுவாக மூன்று ஹெக்டேருக்கு மேல் சேர்க்க முடியாது. குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது. பண்ணையார் திரும்பி வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் எழுதிய சட்டம். அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால், பண்ணையாரை வெளியே நிறுத்திய அதே கதவு, நன்றாக விவசாயம் செய்யும் பக்கத்து வயல்காரரையும் வெளியே நிறுத்தியது. வாடகைக்கு விட்டால் நிலம் திரும்பாது என்று பயந்தவர்கள், விடாமலே வைத்துக்கொண்டார்கள், அல்லது எழுத்தில்லாமல் கமுக்கமாக விட்டார்கள். வாய்மொழிக் குத்தகை நம் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இதற்கிடையே தொழிற்சாலைகள் வந்தன. 1961-ன் வேளாண் அடிப்படைச் சட்டம் ஒரு கணக்குப் போட்டது: இளைஞர்கள் நகரத்துக்குப் போவார்கள், விட்டுச்சென்ற நிலம் மிச்சமிருக்கும் உழவர்களிடம் சேரும், பண்ணைகள் பெரிதாகும், உழவர் வருமானம் ஆலைத் தொழிலாளியின் வருமானத்தைத் தொடும். முதல் பாதி நடந்தது. இளைஞர்கள் போனார்கள், நிலத்தை மட்டும் யாரும் விடவில்லை. பகலில் ஆலைக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை நாற்று நட்டார்கள். மற்ற நாள்களில் வயலைப் பார்த்தவர்கள் தாத்தா, பாட்டி, அம்மா. ‘மூவர் விவசாயம்’ என்று பத்திரிகைகள் இதற்குப் பெயரே வைத்தன. 1980-களில் உழவர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு வயலைவிட வெளிவேலையிலிருந்தே அதிக வருமானம் வந்தது.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? இயந்திரத்தால். 1965-ல் கால் ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ 140 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. இன்று 25 மணி நேரம்கூட ஆவதில்லை. சின்ன வயலுக்கென்றே சின்ன நடவு இயந்திரம், சின்ன அறுவடை இயந்திரம் செய்தார்கள். ஒரு ஹெக்டேர் வைத்திருந்தவர்களும் ஆளுக்கொன்று வாங்கி, வருடத்தில் சில நாள் ஓட்டிவிட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். பொருளாதாரக் கணக்கில் இது பைத்தியக்காரத்தனம். ஆனால், அதைத் தாங்கும் அளவுக்கு அரிசிக்கு விலை இருந்தது. அந்த விலையைத் தந்தது அரசு.

1960-லிருந்து நகரத்துக் கூலியோடு பொருத்திப் பார்த்து நெல் கொள்முதல் விலையை நிர்ணயித்தார்கள். கிராமத் தொகுதிகளின் வாக்குக்கு நகரத்து வாக்கைவிட எடை அதிகம். கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் பலமாக இருந்தன. ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி இரண்டையும் நம்பியிருந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. 1967-ல் 1.44 கோடி டன் அரிசி விளைந்தது. அதே நேரத்தில் மக்கள் ரொட்டிக்கும் இறைச்சிக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். 1962-ல் ஆளுக்கு வருடத்துக்கு 118 கிலோ அரிசி தின்ற நாடு, இன்று ஏறக்குறைய 50 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறது. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. உயர்ந்த விலைக்கு வாங்கி, குறைந்த விலைக்கு விற்ற அரசின் கணக்கு முழி பிதுங்கிற்று. 1970-ல் சோதனையாகத் தொடங்கி, அடுத்த வருடம் முதல் முழுமையாக, நெல் பயிரிடாமல் இருப்பதற்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இந்தத் திருப்பத்தின் கொடுமையை அனுபவித்த ஊர் ஓகாத்தா. வட ஜப்பானில் அகிதா மாகாணத்தில் ஹச்சிரோகத்தா என்று ஓர் ஏரி இருந்தது. நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி. நிலம் போதவில்லை, அரிசி போதவில்லை என்று 1957-ல் நெதர்லாந்து நிபுணர்களின் துணையோடு அதை வற்றவைக்கத் தொடங்கினார்கள். கரை கட்டி, நீரை இறைத்து, 15,000 ஹெக்டேருக்கு மேல் தரை எடுத்தார்கள். 1964-ல் அந்த ஏரித் தரையில் ஊர் பிறந்தது. நாடு முழுவதிலிருந்தும் தேர்வு வைத்து உழவர்களைப் பொறுக்கினார்கள். வந்தவர்களில் பலர் சொந்த ஊர் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள். மற்ற ஊர்களில் ஒரு ஹெக்டேர் என்றால் இங்கே ஒரு குடும்பத்துக்குப் பத்து ஹெக்டேர். எதிர்கால ஜப்பான் விவசாயத்தின் மாதிரி என்றார்கள். நெல் போட்டு இரண்டு மூன்று அறுவடை முடிவதற்குள் அதே அரசு வந்து, நெல்லைக் குறை என்றது. பிறகு ஆளுக்கு 15 ஹெக்டேராக்கி, பாதியில்தான் நெல் என்றது. ஏரித் தரையின் சேற்றில் கோதுமையும் சோயாவும் நன்றாக வராது. மீறி நெல் போட்டவர்களின் பச்சைப் பயிரை அறுக்க வைத்தார்கள். நிலத்தைத் திரும்பப் பிடுங்குவோம் என்று வழக்காடினார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. அரசு சொன்னதைக் கேட்ட வீடு ஒரு பக்கம், கேட்காத வீடு ஒரு பக்கம். பெரிய பண்ணையே வருங்காலம் என்று நம்பி ஏரியை வற்றவைத்த அரசும், பெரிய பண்ணையைக் கண்டு பயந்த அரசும் ஒன்றேதான். கேட்காதவர்கள் அகிதா கொமாச்சி ரக அரிசியை நுகர்வோருக்கு நேரடியாக விற்கக் கற்றுக்கொண்டார்கள். தர்க்கத்தின்படி அவர்கள்தான் வென்றார்கள். ஆனால், அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது.

நெல் குறைப்புத் திட்டம் 2018 வரை நடந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நெல் வயல்கள் வேறு பயிருக்குப் போயின. அரசு விதித்த நெல் ஒதுக்கீடு போன பிறகும் தீவன நெல்லுக்கும் சோயாவுக்கும் மானியம் தொடர்ந்ததால் நெல் பரப்பு ஏறவில்லை. 2025 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் இஷிபா, இனி அரிசி உற்பத்தியைக் கூட்டுவோம் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் மாறியதும் புதிய வேளாண் அமைச்சர், தேவைக்கு ஏற்ற உற்பத்தி என்று பழைய பாட்டுக்கே திரும்பினார்.

நிலத்தின் கதை நெல்லோடு முடியவில்லை. 1930 வாக்கில் ஜப்பானில் மல்பெரித் தோட்டம் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஹெக்டேர். உழவர் வீடுகளில் ஐந்தில் இரண்டில் பட்டுப்புழு வளர்ந்தது. நைலான் வந்தது, சீனப் பட்டு வந்தது, எல்லாம் போயிற்று. 2013-ல் அரசு வரைபடத் துறை மல்பெரித் தோட்டத்துக்கான குறியீட்டையே நில வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டது. நெல்லறுத்த வயலில் குளிர்காலக் கோதுமை, பார்லி போடும் வழக்கமும் மறைந்தது. 1960-ல் நூறு ஹெக்டேர் நிலத்தில் வருடத்துக்கு 134 ஹெக்டேர் அளவுக்குப் பயிர் நின்றது. இன்று 91 ஹெக்டேர். இருக்கும் நிலத்திலேயே ஒரு பகுதி ஒரு போகம்கூடக் காண்பதில்லை. மொத்த விளைநிலமும் 1961-ல் 61 லட்சம் ஹெக்டேர் என்ற உச்சத்திலிருந்து 2024-ல் 43 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பாதி நகரமாயிற்று, சாலையாயிற்று, புல்லட் ரயில் பாதையாயிற்று என்று சொல்வதுண்டு. அந்த நினைப்பிலேயே பல உழவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள்: இன்றில்லாவிட்டாலும் நாளை நெடுஞ்சாலை வரும். நெடுஞ்சாலை வராத மலையோர ஊர்களில் காடுதான் வந்தது. 2015 கணக்கெடுப்பில் கைவிடப்பட்ட விளைநிலம் 4.23 லட்சம் ஹெக்டேர். காட்டுப்பன்றி இப்போது அங்கிருந்து இறங்கி, மிச்சமிருக்கும் வயலைக் கிளறுகிறது.

இனி ஆட்களின் கணக்கு. விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் 2000-ல் 24 லட்சம் பேர். 2024-ல் 11 லட்சம் சொச்சம். அவர்களுடைய சராசரி வயது 69.2.

இந்த எண்ணிக்கைதான், எந்தச் சட்டத்தாலும் செய்ய முடியாததைச் செய்துகொண்டிருக்கிறது. 1961 சட்டம் கனவு கண்ட பெரிய பண்ணை இப்போது தானாக உருவாகிறது. 2020 கணக்கெடுப்பில் ஒரு பண்ணையின் சராசரி 3.1 ஹெக்டேர், ஹொக்கைடோவில் 30 ஹெக்டேர், மற்ற பகுதிகளில் 2.2 ஹெக்டேர். பத்து ஹெக்டேருக்கு மேல் செய்பவர்கள் கையில் நாட்டின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. நிறுவனங்கள் குத்தகைக்கு எடுக்கலாம் என்று 2009-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 2014-ல் மாகாணந்தோறும் நில வங்கி தொடங்கி, சிதறிய துண்டுகளைச் சேர்த்து ஒருவரிடம் விட ஏற்பாடு செய்தார்கள். ஊர்க்காரர்களே சேர்ந்து பொதுவில் உழும் குழுக்கள் சுமார் 14,000 இருக்கின்றன. ஆனாலும் பெரிய பண்ணை என்பது பெரிய வயல் ஆகாது. ஒரு வயலின் வழக்கமான அளவு முக்கால் ஏக்கர். முப்பது ஹெக்டேர் செய்பவர் நூறு துண்டுகளுக்கு ஓட வேண்டும். அவை மூன்று நான்கு ஊர்களில் சிதறிக் கிடக்கும். அதோடு வாய்க்கால் வெட்டு இருக்கிறது. நம் குடிமராமத்துபோல அங்கும் ஊர் கூடித்தான் வாய்க்கால் தூர்வாரும். முப்பது வீடு செய்த வேலையை இப்போது மூன்று வீடு செய்தாக வேண்டும்.

இங்கேதான் குத்தகை தலைகீழாகிறது. 1945-ல் நிலக்கிழாரின் வாசலில் நின்றவர், நிலம் கேட்ட குத்தகைதாரர். இன்று எழுபத்தைந்து வயது நிலச் சொந்தக்காரர், பெரிய பண்ணைக்காரரின் வாசலில் நிற்கிறார், ‘எங்கள் வயலையும் சேர்த்து உழுதுவிடேன்’ என்று. மலைப் பகுதிகளில் வாடகையே இல்லாமல் நிலம் கொடுப்பது சாதாரணம். அப்படியும் வேண்டாம் என்று மறுக்கிறார்கள். வளைந்த சின்ன வயலில் பெரிய இயந்திரம் திரும்பாது. நிலம் சமமாகப் பிரிந்தது ஒரு காலத்தின் வெற்றி. அந்த வெற்றியின் வாரிசுகள் டோக்கியோவில் இருக்கிறார்கள், பலர் அப்பாவின் நிலத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றக்கூட இல்லை. 2016 நிலவரப்படி, உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்க முடியாத நிலம், வீட்டு மனை, காடு எல்லாம் சேர்த்து, 41 லட்சம் ஹெக்டேர் இருக்கலாம் என்று ஓர் ஆய்வுக்குழு கணித்தது. இது கியூஷு தீவைவிடப் பெரிய பரப்பு. 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பதிவு கட்டாயம், தவறினால் அபராதம்.

இந்தியாவில் பட்டம் எதிர்த்திசையில் பறக்கிறது. 1970-71-ல் 7.1 கோடியாக இருந்த நிலக் கைப்பற்றுகள் 2015-16-ல் 14.6 கோடி ஆயின. சராசரி அளவு 2.28 ஹெக்டேரிலிருந்து 1.08-க்கு இறங்கியது, தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். அங்கே ஒரே நிலத்தில் போகம் குறைந்தபோது, இங்கே ஆழ்துளைக் கிணற்றின் தயவில் நூறு ஹெக்டேரில் 155 ஹெக்டேர் பயிர் நிற்கிறது. எனவே ஜப்பானின் இன்று நமது நாளை என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்ப வேண்டியதில்லை. ஆனால், ஒரு விஷயம் ஏற்கெனவே இங்கும் வந்துவிட்டது: சொந்தக்காரர் ஒருவர், உழுபவர் வேறொருவர். சென்னையிலும் துபாயிலும் இருப்பவரின் வயலை ஊரில் யாரோ வாய்மொழியாகச் செய்கிறார். பிஎம்-கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், பட்டா வைத்திருப்பவரின் கணக்குக்குப் போகிறது. பயிரழிந்தால் நிவாரணத்துக்கு அலைபவர் உழுதவர். ஆவணத்தில் இருப்பது வேறு பெயர்.

2023-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, இன்னும் பத்து வருடத்தில் எந்த வயலை யார் உழுவார்கள் என்று வயல்வாரியாக வரைபடம் போடும்படி ஜப்பான் ஒவ்வொரு ஊராட்சிக்கும் சொன்னது. 2025-ல் வரைபடங்கள் வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ 30% நிலத்துக்கு எதிரே ஒரு பெயரும் இல்லை. அந்த எண் அரசை உலுக்கியது. ஆனால் எண் கையில் இருக்கிறது, எங்கே இயந்திரம் போகலாம், எங்கே காட்டுக்கு விட்டுவிடலாம் என்று பேச முடிகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு படம் வரைய வேண்டுமானால் இன்றைய தேதியில் உழுபவர் யார் என்பதே முதலில் தெரிய வேண்டும். லேட்ஜின்ஸ்கி தஞ்சையில் தேடிய அந்தத் துண்டுச் சீட்டுக்காகவே 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது; அது இன்றும் அமலில் இருக்கிறது. சர்வே எண் வாரியாகப் படம் பிடித்து நடக்கும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில், என்ன பயிர் என்பதோடு, வைத்தவர் சொந்தக்காரரா குத்தகைதாரரா என்பதையும் கட்டாயமாகப் பதிய வைக்க வேண்டும். பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்ற சொந்தக்காரரின் பயத்துக்கும் வழி இருக்கிறது. 1980-ல் ஜப்பான், காலம் முடிந்ததும் நிலம் தானாகத் திரும்பும் குறிப்பிட்ட காலக் குத்தகையைச் சட்டமாக்கியது. கமுக்கக் குத்தகைகள் வெளிச்சத்துக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.